சுண்ணாம்பு காயும் வரை

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீடு மொத்தம் 420 சதுர அடி. முன்னால் ஒரு சிறு திண்ணை. அதையடுத்துப் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. அதே அளவில் இன்னோர் அறை. பின்னால் ஓடு வேய்ந்த சமையலறை. இவ்வளவுதான். இதைக் கட்டியவர் அம்மாவின் மாமனார். வேர்க்கடலை மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் கொண்டுபோய் விற்றுச் சேர்த்த பணத்தில் எழுப்பிய வீடு என்று சொல்வார்கள். அம்மா எங்களில் ஒருவருக்குப் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார். இருவருமே அம்மா என்றுதான் அழைக்கிறோம். மருமகளாக இந்தப் படியேறி வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன அவருக்கு.

முன்னறைகள் இரண்டுக்கும் கட்டை போட்ட மச்சு. பொறியாளர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளைக் கிடத்தி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, குத்துவாக்கில் சாய்கோட்டு வரிசையாக ஒட்டவைத்துக் கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான அடுக்கு. அதை நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்டு கிடையாது. முறையாகப் பராமரித்தால் நூறாண்டு நிற்கும். எங்கள் மச்சுக்கு அந்தப் பராமரிப்புக் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு காலத்தில், ஒழுக்கை அடைக்க விரைவான வழி என்று, தட்டோட்டின் மேல் யாரோ சிமெண்டுப் பூச்சு இட்டிருந்தார்கள். மரமும் சுண்ணாம்பும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பச் சற்றே அசையும். சிமெண்டு அசையாது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியின்றி உள்ளேயே தங்கும். கைப்பிடிச் சுவரின் மூலையில் ஓர் அரசங்கன்று வேறு வேர்விட்டிருந்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய புயல் நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. மறுநாள் டிசம்பர் 1 மாலை, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்ததில் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம். அந்த இரவில் எங்கள் முன்னறைக் கூரை ஒன்பது இடங்களில் ஒழுகியது. அண்டா, குண்டான், பக்கெட், கடைசியில் நோன்புக் கஞ்சி வாங்கும் தூக்குவாளி வரை தரையில் வைத்தோம். ஃபஜ்ருக்குச் சற்று முன்பு உட்பூச்சு ஒரு பாயளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அம்மா அந்நேரம் பின்னறையில் இருந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

பதினெட்டு கிலோமீட்டர் தொலைவில் ஏழு ஜனாஸாக்கள் இருக்கும்போது, ஒரு பாயளவுப் பூச்சைப் பற்றிப் புலம்ப எங்களுக்கு நா எழவில்லை. ஒரு கப்ரருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம், பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடியின் போதே இருக்க வேண்டியது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. முதல் அடியை நாங்கள் ஒருவாறு தாங்கிக்கொண்டோம். எங்களைச் சோதித்தது அதற்குப் பிறகு வந்த ஆறு மாதங்கள்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. ஈரம் பட்டால் மார்பு கட்டும். இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எனவே அந்த வாரமே அவரைச் சேத்துப்பட்டில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். வண்டியேறும்போது, "வூடு சரியானதும் ஒரு நாள்கூடத் தாமசிக்காம என்னைக் கூட்டிக்கினு வந்துடணும். என் மவுத்து என் வூட்லதான் ஆகணும்" என்றார். முதியவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அந்தச் சொல் அடுத்து வந்த ஒவ்வொரு வேலையிலும் எங்களோடு இருந்தது.

வீட்டைப் பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்: மச்சை முழுவதுமாக இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட வேண்டும், ஆறு லட்சம் ஆகும், வங்கியில் வீட்டுக்கடன் கிடைக்கும், இரண்டு மாதத்தில் சாவியைக் கையில் தந்துவிடுவேன். எங்களில் ஒருவர் திருவண்ணாமலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மற்றவர் வீட்டில் தையல் தைக்கிறார். ஆறு லட்சம் கடன் என்றால் அதன் வட்டியைப் பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். வட்டியில் கால் வைப்பதில்லை என்பது நிக்காஹ் நடந்த ஆண்டிலேயே நாங்கள் பேசி முடிவு செய்தது. அதை இங்கே வாதமாக நீட்ட விரும்பவில்லை. இதைப் படிக்கும் பலருக்கு இதே நெருக்கடி இருக்கும், அவரவர் சூழலை அவரவரே அறிவர். எங்களைப் பொறுத்தவரை அந்தக் கதவு மூடியிருந்தது. அப்படியானால் மிஞ்சுவது எங்கள் நான்கு கைகளும், மாதச் சம்பளத்தில் மீதமாகும் தொகையும், காலமும்தான்.

அக்கா 40,000 ரூபாய் கைமாற்றாகத் தந்தார். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல அது, கொடுக்கல் வாங்கலில் ஒரு தாளும் சாட்சிகளும் வேண்டும் என்பதைப் பற்றியது என்னும் செய்தி எங்களை எப்போதுமே வியக்க வைத்திருக்கிறது. தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வாங்கிக் கொடுத்தோம். "சொந்த அக்காளுக்குப் பத்திரமா?" என்று மச்சான் முகம் சுளித்தார். பிறகு அவரே அதை மடித்து பீரோவில் வைத்தார்.

ஜும்ஆ முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கிராமத்து மேஸ்திரி ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். எழுபதைத் தாண்டியவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர், இப்போது யாரும் அழைப்பதில்லை. அழைத்து வந்தோம். அவர் கையில் ஒரு நீண்ட ஆணி மட்டுமே இருந்தது. ஏணியில் ஏறி, ஒவ்வொரு தேக்குக் கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியை வைத்துக் குத்திப் பார்த்தார். முன்னறையில் எட்டுக் கட்டைகள். ஆறில் ஆணி இறங்கவில்லை. இரண்டில் விரல் நீளம் இறங்கியது. பின்னறையில் எல்லாம் நன்றாக இருந்தன. கீழே இறங்கி வந்து, "ரெண்டு கட்டையை மாத்துனா போதும் பாய். நல்லா இருக்கறத எதுக்கு இடிக்கணும்?" என்றார். ஆறு லட்சம் என்று கேட்ட காதுகளுக்கு அது துஆ ஏற்கப்பட்டது போல் ஒலித்தது. உடனே அடுத்ததையும் சொன்னார்: "ஆனா இது சிமெண்டு இல்ல. அவசரம் ஆகாது. நாலஞ்சு மாசம் ஆவும். கட்டையை மாத்த, தளம் போட நான் வரேன். சுரண்டறது, சலிக்கறது, பூசறது எல்லாம் நீங்க ரெண்டு பேரும் செஞ்சிக்கலாம், நான் சொல்லித் தரேன்."

ஜனவரி மாதம் முழுவதும் கட்டுமானம் என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் கிளிஞ்சல் சுண்ணாம்பை மூட்டையாக வாங்கி, இரும்பு பீப்பாயில் நீரூற்றிக் கொதிக்க விட்டோம். நீர் பட்டதும் அது சீறிக் கொதிப்பதைப் பார்த்த தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் எங்கள் வாசலைவிட்டு நகரவில்லை. ஆறியபின் சலித்து, மேலே நீர் நிற்கும்படி மூடிவைத்தோம். வெண்ணெய் பதம் வர மூன்று வாரம் என்றார் மேஸ்திரி. இன்னொரு பானையில், ஜவ்வாது மலைக் கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப் போட்டோம். அது புளித்து வர இரண்டு வாரம். அந்த வாசனையை விவரிக்காமல் விடுவதே நல்லது. பக்கத்து வீட்டுப் பாயம்மா இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் பானையை எங்கள் பின்கட்டுக்கு நகர்த்தச் சொன்னார்.

சுண்ணாம்பு ஊறும் நாட்களில் மச்சின் மேலிருந்த பழைய சிமெண்டுப் பூச்சை உளியால் பெயர்த்தோம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏறினால் எட்டரை மணி வரை. பிறகு ஒருவர் பேருந்துக்கு ஓட வேண்டும், மற்றவர் தையல் இயந்திரத்துக்கு. அடியிலிருக்கும் தட்டோடு உடையாமல் மேற்பூச்சை மட்டும் எடுக்க வேண்டும் என்பதால், ஒரு காலையில் இரண்டு பேர் சேர்ந்து ஆறேழு சதுர அடிதான் முடித்தோம். ஒரு நாள் கணக்குப் பார்த்தோம்: முன்னறையின் மச்சு 120 சதுர அடி. அதற்குமேல் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

உறவினர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு முடிஞ்சுது?" என்பதாகவே இருந்தது. பதில் சொல்ல எதுவும் இருக்காது. பீப்பாயில் சுண்ணாம்பு ஊறுகிறது என்றால் சிரிப்பார்கள். பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு விதி விட்ட வழி என்று இருப்பது என்று நம்மில் பலர் புரிந்து வைத்திருக்கிறோம். ஸப்ர் என்ற அரபுச் சொல்லின் வேரில் தடுத்து நிறுத்துதல், கட்டிப் பிடித்து வைத்தல் என்ற பொருள் இருக்கிறது. ஊறாத சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிடத் துடிக்கும் கையைத் தடுத்து நிறுத்துவது எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை அந்த மாதம் கண்டோம்.

மாற்ற வேண்டிய இரண்டு கட்டைகளையும் திருவண்ணாமலையில் ஒரு பழைய மரக்கடையில் கண்டுபிடித்தோம். யாரோ இடித்த வீட்டின் தேக்கு, பதினோரு அடி நீளம், நன்றாக முதிர்ந்தது. குட்டியானை வண்டி கிடைத்த நாள் பிப்ரவரி 12. அன்று பௌர்ணமி என்பது எங்கள் நாட்காட்டியில் இல்லை. இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்குத் தெரியும், பௌர்ணமியன்று திருவண்ணாமலைச் சாலைகள் யாருக்கும் சொந்தமில்லை. கிரிவலம் வருவோர் வெள்ளம்தான் அவற்றை ஆளும். வண்டியைத் திருப்பிவிட்டுத் திருப்பிவிட்டு, பதினெட்டு கிலோமீட்டர் கடக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அஸரை வழியில் ஒரு டீக்கடையின் பின்புறம் தொழுதோம். தொழ இடம் கேட்டபோது கடைக்காரர் மேசையை நகர்த்தித் தரையைக் கழுவியே கொடுத்தார். பிறகு பணம் வாங்க மறுத்ததால், குடிக்கத் தேவையில்லாத இரண்டாவது டீயையும் குடித்தோம்.

தச்சர் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டு வேலை செய்த அனைவருக்கும் ஒரு தச்சர் இருப்பார்.

பழைய கட்டைகளை எடுத்த இடத்தில் மட்டும், பத்தடிக்கு நான்கடி அளவில், புதிய தளம் போட வேண்டியிருந்தது. மேஸ்திரியும், அவர் அழைத்து வந்த நான்கு பெண்களும், நாங்களும் உட்கார்ந்து மரக்கட்டையால் இரண்டு நாள் அடித்தோம். கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். முதலில் கட்டை பதியும். பிறகு தழும்பு மட்டும் விழும். கடைசியில் கட்டை துள்ளித் திரும்பும். துள்ளும்போதுதான் நிறுத்தலாம். அந்தப் பெண்கள் அடித்துக்கொண்டே கதை பேசினார்கள். கணக்குப் பிள்ளையின் கை முதல் மணி நேரத்திலேயே கொப்பளித்ததைப் பார்த்து மகிழ்ச்சியாகவும் சிரித்தார்கள். பிப்ரவரி 27 மாலை தட்டோடு பதித்து, வைக்கோலும் சாக்கும் பரப்பி நீரூற்றினோம். மார்ச் 2 ஞாயிறு ரமளான் முதல் நோன்பு.

நோன்பு நாட்களில் மச்சில் ஏறுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். மார்ச் மாத வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உள்சுவர்ப் பூச்சை மட்டும், ஸஹர் முடித்து ஃபஜ்ர் தொழுத கையோடு, இரண்டு மணி நேரம் செய்தோம். ஒருவர் கலவையை அள்ளித் தர, மற்றவர் கரணையால் அப்பி மணியாசுக் கட்டையால் தேய்ப்பது. சுண்ணாம்பு தோலை அரிக்கும், கையுறை போட்டும் விரலிடுக்குகள் வெடித்தன, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். பூசிய சுவரை ஒரேயடியாகக் காயவிடக் கூடாது, நாளுக்கு நான்கைந்து முறை நீர் தெளிக்க வேண்டும். அதற்கென்று நேரம் வகுத்து நினைவில் வைக்கும் தேவையே எங்களுக்கு வரவில்லை. ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை, லுஹருக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின், இஷாவுக்குப் பின். பாங்கு சொன்னால் சுவருக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். மேஸ்திரிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. தம் பேரனிடம் "பாய் வீட்டுச் சுவர் மாதிரி வேளாவேளைக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவருவதாகக் கேள்வி.

வீட்டில் நபி (ஸல்) என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அதே அன்னையின் அறையைப் பற்றிய இன்னொரு செய்தி, எங்கள் பத்துக்குப் பன்னிரண்டுக்கு ஆறுதலாக இருந்தது. இரவில் நபியவர்கள் தொழும்போது ஸஜ்தாவுக்கு இடம் வேண்டித் தொடுவார்கள், உடனே அவர் கால்களை மடக்கிக்கொள்வாராம். பின்னாளில் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள், சிறு வயதில் அந்த அறைகளுக்குள் சென்றபோது கூரையைக் கையால் தொட முடிந்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எங்கள் கூரை அதைவிட எவ்வளவோ உயரம். ஏணியில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்தபோதெல்லாம் அந்த உயரத்தை நன்றாகவே உணர்ந்தோம்.

எங்களுக்குள் சச்சரவு வராமல் இல்லை. வந்தது, பெரும்பாலும் பணத்தின் பேரில். தரைக்கு டைல்ஸ் வாங்கினால் 14,000 ரூபாய்; பழைய சிவப்பு ஆக்ஸைடு தரையை ஒட்டுப்போட்டுத் தேய்த்தால் இரண்டாயிரத்தில் முடியும். ஒருவருக்கு முதலாவது, மற்றவருக்கு இரண்டாவது. பசியோடும் தூசியோடும் இதைப் பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும், பத்தாண்டுக்கு முந்தைய வளைகாப்பு வரைக்கும் போகும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் செலவைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு விதி செய்துகொண்டோம். அந்த விதி தாக்குப்பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதும்போது இதே விஷயம் எங்கள் கண்ணில் பட்டது. மூஸா நபி (அலை) அவர்களும், ஹதீஸ்களில் கிழ்ரு (அலை) என்று பெயர் சொல்லப்படும் அந்த நல்லடியாரும் செய்த பயணம் நமக்கெல்லாம் தெரிந்ததே. என்னோடு பொறுமையாக இருக்க உம்மால் முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட பயணம். படகு ஓட்டையாக்கப்பட்டபோது மூஸா நபி பதறிக் கேட்டார்கள். சிறுவன் கொல்லப்பட்டபோதும் கேட்டார்கள். எவரும் பதறக்கூடிய இடங்கள் அவை. மூன்றாவது இடத்தில் உயிர்ப்பலி எதுவுமில்லை. விருந்தளிக்க மறுத்த ஓர் ஊரில், விழவிருந்த ஒரு சுவர் நிமிர்த்தி வைக்கப்பட்டது. இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்பதுதான் அப்போது எழுந்த பேச்சு. அத்தோடு பயணம் முடிந்தது. படகும் கொலையும் பிரிக்காத இருவரை ஒரு சுவரின் கூலிக் கணக்கு பிரித்தது. ஆலிம்கள் இதை எப்படி விளக்குவார்களோ, கரணை பிடித்த கைகளோடு ஓதிய எங்களுக்கு அன்று இப்படித்தான் பட்டது. அந்தச் சுவர் அநாதைச் சிறுவர் இருவருடையது. அவர்கள் வளரும் வரை அது நின்றால் போதும் என்பதற்காகச் செய்யப்பட்ட பழுதுபார்ப்பு அது. டைல்ஸ் வாங்கவில்லை. தரையைத் தேய்த்தோம்.

மார்ச் 31 பெருநாள். தொழுகை முடிந்து சேத்துப்பட்டுக்குப் போனோம். அம்மா பிரியாணியைவிட முதலில் கேட்டது சுவரைத்தான். "இன்னும் காயலியா?" காயவில்லை. தளம் ஒழுகவில்லை, பூச்சு முடிந்துவிட்டது, பார்ப்பதற்கு வீடு தயார். ஆனால் கையை வைத்தால் சுவர் குளிர்ந்திருந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் இறுகும். விசிறி வைத்தோ அடுப்பு மூட்டியோ அதை விரட்ட முடியாது. கனமான பழைய சுவருக்குள் புயல் நேரத்து ஈரமும் மிச்சமிருந்தது.

ஏப்ரலில் அம்மாவுக்கு இழுப்பு முற்றி இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த இரண்டு இரவுகளைத்தான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி என்று சொல்வோம். பிள்ளை பிடித்துக்கொண்ட கையை விடாமல், "என்னை வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்கப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஈரச் சுவருக்கு நடுவில் படுக்கவைத்தால் மூச்சு நிற்கக்கூடும். காத்திருந்தால், அவர் அஞ்சியது போல வேறொரு கூரையின் கீழ் முடிந்துவிடக்கூடும். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் தாயாரோடு சேர்ந்து, பழுதடைந்த தங்கள் குடிலைச் சீர்செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவ்வழியே வந்ததாக அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. என்ன இது என்று கேட்டு, சீர்செய்கிறோம் என்ற பதிலைக் கேட்டபின், காரியம் இதைவிட விரைவானது என்று கருதுகிறேன் என்னும் பொருளில் சொல்லிவிட்டுச் சென்றார்கள். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. மரணத்தை நினைவூட்டினார்கள். இந்தச் செய்தியை ஜும்ஆ உரையில் முன்பு கேட்டபோது அது உலகப் பற்றைப் பற்றியது என்று தலையாட்டியிருக்கிறோம். மருத்துவமனை வராந்தாவில் அது ஒரு தாயையும் பிள்ளையையும் ஒரு குடிலையும் பற்றியதாக இருந்தது.

முடிவை அம்மாவிடமே விட்டோம். மூச்சு சீரானபின், நிலைமை முழுவதையும் மறைக்காமல் சொன்னோம்: சுவரில் ஈரம் இருக்கிறது, எப்போது காயும் என்று மேஸ்திரியாலும் நாள் குறிக்க முடியவில்லை, இப்போதே வர வேண்டும் என்றால் பின்னறையில் படுக்கை போட்டுத் தருகிறோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அல்லா என் மவுத்த எங்க எழுதியிருக்கானோ அங்கதான். நீங்க காயவுட்டே கூப்பிடுங்க" என்றார். ஸப்ர் பற்றி நாங்கள் கேட்ட சொற்பொழிவுகள் பல. இந்த இரண்டு வரிகளுக்குப் பிறகு அவற்றில் எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

மே மாதம் முழுவதும் சன்னல்களைத் திறந்துவைத்து, சுவரைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்தது. மேஸ்திரி புறங்கையை வைத்துப் பார்ப்பார். நாங்கள் இன்னொன்றும் செய்தோம்: ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, இரண்டு இரவு விட்டுப் பார்த்தால், உள்ளே ஈரமிருக்கும் வரை தாளின் உட்புறத்தில் நீர்த்துளி பூக்கும். முதல் வாரம் துளிகள் வழிந்தன. இரண்டாம் வாரம் பனி போல் மங்கல். மூன்றாம் வாரம் அடிச்சுவரில் மட்டும். மே 29 காலை எல்லாத் தாள்களும் உலர்ந்திருந்தன. அடுத்த நான்கு நாட்களும் அப்படியே இருந்தன. மேஸ்திரி புறங்கையை எடுத்துவிட்டு, "அம்மாவை வரச் சொல்லுங்க" என்றார்.

அதுவரை ஆன செலவு, அக்காவின் 40,000 உட்பட, 1,35,000 ரூபாய். அக்காவுக்கு மாதம் 3,000 வீதம் கொடுத்துவருகிறோம். ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளின் பின்புறத்தில் மச்சான் குறித்துவைக்கிறார்.

ஜூன் 5 வியாழன் மாலை அம்மா வந்தார், மறுநாள் அரஃபா நோன்பைத் தம் வீட்டில் வைக்க வேண்டும் என்று. வலது காலை வைத்து, பிஸ்மி சொல்லி, கதவைப் பிடித்துக்கொண்டு ஏறினார். படி அரை அங்குலம் உயர்ந்துவிட்டதை உடனே கண்டுபிடித்தார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். மாமனார் வைத்த விளக்கு மாடம் அப்படியே இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார், இருந்தது. மாற்றிய இரண்டு கட்டைகளையும் நாங்கள் காட்டும் முன்பே மேலே பார்த்துச் சரியாகச் சொன்னார். பிறகு நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னா இது, ஒரு ஆணிகூட இல்ல? தஸ்பீஹை எங்க மாட்டறது?" என்று கேட்டார்.

ஆணி அடிக்க மேஸ்திரி இன்னும் அனுமதி தரவில்லை. சுண்ணாம்பு உள்வரைக்கும் இறுக ஒரு மழைக்காலம் போக வேண்டுமாம். தஸ்பீஹ் இப்போது சன்னல் கம்பியில் தொங்குகிறது. சமையலறை ஓடு இன்னும் மாற்றவில்லை. ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். அடுத்த மூட்டைச் சுண்ணாம்பு பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கிறது, கடுக்காய்ப் பானையை இந்தமுறை முதலிலேயே பின்கட்டில் வைத்துவிட்டோம்.